அப்டேட்டுக்குப் பிறகு ஏசிசி மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடியுங்கள்

இத்தாலியின் குனோஸ் சிமுலாட்சியோனி நிறுவனம் உருவாக்கிய கார் பந்தய கேமான அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே (சுருக்கமாக ஏசிசி) 2019 மே மாதம் முழு வடிவில் வெளியானது. அதன்பின் வந்த பெரிய அப்டேட்டுகளில் பல, கார் ஓடும் விதத்தையே கொஞ்சம் மாற்றிவிட்டுப் போயிருக்கின்றன. அதனால்தான் ஏசிசி ஆடுகிறவர்களிடம் “நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு, அப்டேட் வந்ததும் கெட்டுப்போச்சு” என்ற புலம்பல் ஓய்வதே இல்லை. புலம்பிய கையோடு பலர் கேமை அழித்துவிட்டு மறுபடி இறக்குகிறார்கள். மணிக்கணக்கில் டவுன்லோட் ஓடி முடிந்து, திறந்து பார்த்தால் அதே கோளாறு அப்படியே இருக்கும்.

ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஏசிசி உங்கள் கணினியில் மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, கேமை இறக்கித் தரும் ஸ்டீம் செயலியின் ஃபோல்டர், கேம் அங்கே. இரண்டாவது, டாக்குமென்ட்ஸுக்குள் கேமின் பெயரிலேயே இருக்கும் ஃபோல்டர். உங்கள் செட்டப்புகள் (டயர் அழுத்தம், ஸ்பிரிங், விங் போன்ற கார் அமைப்புகள்), பட்டன் அமைப்புகள், வீடியோ அமைப்புகள், லிவரிகள் (காரின் வண்ண வடிவங்கள்) எல்லாம் அதில். மூன்றாவது, விண்டோஸ் மறைத்து வைக்கும் ஆப்டேட்டாவின் லோக்கல் ஃபோல்டருக்குள் ‘ஏசி2’ என்ற பெயரில் ஒளிந்திருப்பது. கேமை இயக்கும் அன்ரியல் எஞ்சின் தன் அமைப்புகளையும், நடந்ததைக் குறித்து வைக்கும் லாக் கோப்புகளையும் அங்கே வைத்துக்கொள்கிறது. கேமை அழித்தாலும், ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கும் ‘வெரிஃபை’ கொடுத்தாலும், சரிசெய்யப்படுவது முதல் இடம் மட்டும்தான். மற்ற இரண்டும் பழையபடியே கிடக்கும். அப்டேட்டுக்குப் பின் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி அந்த இரண்டில் தங்கிவிட்ட பழைய கோப்புகளால்தான் வருகிறது. எந்த அறிகுறியாக இருந்தாலும், எது புதிதாக மாறியது என்பதோடு எது மாறாமல் பழையதாக நின்றுவிட்டது என்றும் கேளுங்கள்.

இன்னொன்றும் முன்கூட்டியே: டாக்குமென்ட்ஸில் உள்ள அந்த ஃபோல்டரை முழுவதுமாக வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டுத்தான் கீழே உள்ள எதையும் தொட வேண்டும். செட்டப்புகள் போய்விட்டால் திரும்ப வராது.

கேம் திறக்கவே மாட்டேன் என்கிறது, அல்லது கறுப்புத் திரையில் நிற்கிறது

முதலில் ஸ்டீமில் வெரிஃபை. அப்டேட் பாதியில் அறுந்திருந்தால் இதிலேயே சரியாகிவிடும். சரியாகவில்லை என்றால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் ‘கான்ஃபிக்’கைத் திறந்து, ‘மெனுசெட்டிங்ஸ்’ என்ற ஜேசன் கோப்பை வெளியே எடுத்து வையுங்கள். அழிக்க வேண்டாம், இடம் மாற்றினால் போதும். கேம் அடுத்த முறை திறக்கும்போது புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும். மானிட்டர் மாற்றியவர்கள், மூன்று திரையிலிருந்து ஒன்றுக்கு வந்தவர்கள், விஆர் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தவர்கள் என்று பலருக்கும் தீர்வு இந்த ஒரு கோப்புதான். இல்லாத திரையை நோக்கிக் கேம் படம் அனுப்பிக்கொண்டிருக்கும்.

அதற்கும் மசியாவிட்டால் ஆப்டேட்டாவில் உள்ள ஏசி2 ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டுத் திறந்து பாருங்கள்.

கேம் திறக்கிறது, ஓட்டும்போது நடுவில் ‘டி3டி டிவைஸ்’ தொலைந்தது என்ற செய்தியோடு மூடிக்கொள்கிறது என்றால் கதை வேறு. கிராபிக்ஸ் கார்டு ஒரு நொடி கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். கார்டை ஓவர்கிளாக் செய்திருந்தால், மின்னழுத்தத்தைக் குறைத்திருந்தால், முதலில் அதை இயல்புக்குக் கொண்டுவாருங்கள். மற்ற கேம்களில் மணிக்கணக்கில் தாங்கிய ஓவர்கிளாக் ஏசிசியில் தாங்காமல் போவது சகஜம். அடுத்தது கார்டின் டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டு மறுபடி போடுவது.

வீல் வேலை செய்கிறது, ஆனால் ஏதோ சரியில்லை

வீல், அதாவது கணினியோடு இணைத்த ஸ்டியரிங், தரும் தொல்லை ஒரே அறிகுறி போலத் தெரிந்தாலும் உள்ளே பல உண்டு.

எதையும் மிதிக்காமலே கார் பாதி ஆக்சிலரேட்டரில் உறுமுகிறதா? கேம் திறந்தபின் ஒவ்வொரு பெடலையும் ஒருமுறை அடிவரை மிதித்து விடுங்கள். முதல் அசைவு வரும்வரை பெடல் நடுவில் இருப்பதாகவே கணினி நினைத்துக்கொள்ளும். லாஜிடெக் பெடல்களில் இது அடிக்கடி. பிரேக்கை மிதித்தால் ஆக்சிலரேட்டர் குறைகிறது என்றால் லாஜிடெக்கின் ஜி ஹப் மென்பொருளில் ‘கம்பைண்ட் பெடல்ஸ்’ இயங்கிக்கொண்டிருக்கிறது, அணையுங்கள்.

திரையில் தெரியும் ஸ்டியரிங்கும் உங்கள் கையில் இருப்பதும் வெவ்வேறு அளவு திரும்புகின்றனவா? வீலின் டிரைவர் மென்பொருளிலும் கேமின் கன்ட்ரோல்ஸ் பக்கத்திலும் சுழற்சி அளவு ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே 900 டிகிரி என்றால் இங்கேயும் 900. ஒவ்வொரு காருக்கும் உண்மையில் எவ்வளவு சுழற்சி என்பதைக் கேம் தானே பார்த்துக்கொள்ளும். ஃபெராரி 488 ஜிடி3க்கு 480 டிகிரி, ஆடி ஆர்8க்கு 720 என்று அது காருக்குக் கார் மாறும். காருக்கேற்ப நீங்கள் டிரைவரில் எண்ணை மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மாற்றினால்தான் குழப்பம்.

வீல் கனமாக இருக்கிறது, ஆனால் டயர் வழுக்குவதே கையில் தெரியவில்லை என்பதுதான் நான் அதிகம் கேட்கும் குறை. இதற்குக் காரணம் பெரும்பாலும் கிளிப்பிங். லாஜிடெக் ஜி29 போன்ற வீலின் மோட்டார் அதிகபட்சம் 2 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல்தான் தரும். கேம் அதைவிடப் பெரிய விசையைக் கேட்டால் வீல் தன் உச்சத்தில் முட்டி நிற்கும். அதன்பின் விசை ஏறுவதும் இறங்குவதும் கைக்கு வராது. திரையில் பெடல் அளவுகள் காட்டும் இடத்திலேயே கைக்கு வரும் விசையைக் காட்டும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பட்டையும் உண்டு. நீண்ட வளைவில் அது உச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் கெயினை (மொத்த விசை அளவை) குறையுங்கள். தடத்தின் ஓர மேட்டில் (கெர்ப்) ஏறும்போது மட்டும் ஒரு கணம் தொட்டுவிட்டு இறங்கினால் போதுமானது. வீல் லேசாகிவிட்டதே என்று முதலில் மனசு ஒப்பாது. ஆனால் முன் டயர் பிடியை விடும் அந்தக் கணம் கையில் வந்து தட்டும்போது லேப் நேரத்திலேயே வித்தியாசம் தெரியும்.

கியரில் ஓடும் வீல்களில் நடுப்பகுதி செத்துப்போனது போல இருக்கும். அதற்கு மினிமம் ஃபோர்ஸைச் சில சதவீதம் ஏற்றலாம். மோட்டாரோடு நேரடியாக இணைந்த டைரக்ட் டிரைவ் வீல் வைத்திருப்பவர்கள் அதைச் சுழியத்திலேயே விடுங்கள், இல்லையேல் நேர்சாலையில் வீல் இடம்வலமாக ஆட ஆரம்பிக்கும். டைனமிக் டாம்பிங்கை 100இல் வையுங்கள். ரோடு எஃபெக்ட்ஸ் என்பது டயரிலிருந்து வருவதல்ல, மேலே பூசிய அதிர்வு. சுழியம் போதும் என்பது என் கருத்து.

அப்டேட்டுக்குப் பின் பட்டன்கள் எல்லாம் கலைந்துவிட்டனவா? வீலை வேறு யுஎஸ்பி துளைக்கு மாற்றினீர்களா என்று பாருங்கள். பழைய துளைக்கே மாற்றினால் பல நேரம் திரும்ப வந்துவிடும். கேம் திறக்கும் முன்பே வீல் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். த்ரஸ்ட்மாஸ்டர் டி300 வைத்திருப்பவர்கள், கணினிக்கு வீலின் சுவிட்ச் பிஎஸ்3 பக்கம் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். கேம்பேட் ஆட்டக்காரர்களுக்கு ஒரே அழுத்தம் இரண்டாகப் பதிந்தால் ஸ்டீம் இன்புட்டை இந்தக் கேமுக்கு மட்டும் அணைத்துப் பாருங்கள்.

அப்டேட்டுக்குப் பின் கார் வழுக்குகிறது, பழைய லேப் நேரம் வரவில்லை

இதில்தான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

2023 ஏப்ரலில் 1.9 அப்டேட் வந்தது. ஃபெராரி 296, போர்ஷே 992 ஜிடி3 ஆர், லம்போர்கினி ஹுராக்கான் எவோ2, வலென்சியா தடம் எல்லாம் அதில் வந்தவை. எல்லாரும் புதுக் கார்களைப் பார்த்தார்கள். அதோடு டயர் மாடலும் மாறியதைப் பலர் கவனிக்கவில்லை. அதற்கு முன்பு ஜிடி3 வகைப் பந்தயக் கார்களின் உலர் டயருக்குச் சூடான நிலையில் 27.5 பிஎஸ்ஐயை ஒட்டி அழுத்தம் வைப்பது வழக்கம். 1.9க்குப் பின் அந்த இடம் 26 முதல் 27 வரை என்று இறங்கிவிட்டது. டாக்குமென்ட்ஸில் கிடக்கும் பழைய செட்டப்புக்கு இது தெரியாது. திறந்து ஓட்டினால் பழைய அழுத்தத்தில்தான் ஓடும். டயர் புடைத்துக்கொண்டு, தரையைத் தொடும் பரப்பு சுருங்கி, வளைவின் நடுவில் கார் மிதக்கும். ஓட்டுபவர் தன் கையைச் சந்தேகப்படுவார், அல்லது கேமைத் திட்டுவார். கையும் கேமும் சரியாகவே இருக்கும்.

எனவே யூடியூபில் எடுத்த செட்டப்போ, நண்பர் அனுப்பியதோ, முதலில் தேதியைப் பாருங்கள். 2023 ஏப்ரலுக்கு முந்தையது என்றால் அழுத்தத்தை மட்டும் திருத்திக்கொண்டு மீதியை வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள். உயரம், ஸ்பிரிங், விங் எல்லாமே அந்தப் பழைய டயருக்காகப் பார்த்துப் பார்த்து வைத்தவை. கேமிலேயே இருக்கும் ‘அக்ரெசிவ்’ செட்டப்பை எடுத்து அங்கிருந்து தொடங்குவது சீக்கிரம் பலன் தரும்.

அழுத்தம் சரிபார்க்கும் முறை இது. பந்தயத்தில் இருக்கப்போகும் அதே வானிலை, அதே எரிபொருள் அளவு. மூன்று நான்கு லேப் விடாமல் ஓட்டுங்கள். டயரைச் சூடாக்கி வைக்கும் உறையிலிருந்து அது 70 டிகிரியில் வெளியே வரும். முதல் லேப்பில் காட்டும் அழுத்தத்தை நம்ப வேண்டாம். எண் ஏறுவது நின்றபின் நான்கு டயரையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பா போலக் கடிகாரச் சுற்றில் ஓடும் தடங்களில் வலது வளைவுகள் அதிகம் என்பதால் இடப்பக்க டயர்கள் கூடுதலாக உழைக்கும், கூடுதலாகச் சூடேறும். அவற்றுக்குத் தொடக்க அழுத்தம் குறைவாக வேண்டும். நான்குக்கும் ஒரே எண் வைப்பவர்கள் இங்கேதான் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

அடுத்து வெயில். காற்று வெப்பம் 1 டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 0.1 பிஎஸ்ஐ ஏறும். 22 டிகிரியில் பயிற்சி செய்து 26.6இல் நிறுத்திய டயர், 30 டிகிரிப் பந்தயத்தில் 27.4க்குப் போய்விடும். அதாவது எல்லைக்கு வெளியே. பந்தயத்துக்கு முன் வானிலைப் பக்கத்தைப் பார்த்து, வித்தியாசத்தை விரல் விட்டு எண்ணி, அத்தனை 0.1 குறைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்தால் அதேபோல ஏற்றுங்கள்.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் உள்ள நோர்ட்ஷ்லைஃபேயில் மட்டும் கணக்கு சற்று வேறு. 2024 ஏப்ரலில் 1.10 அப்டேட்டோடு வந்த 24 மணி நேரத் தடத்தின் நீளம் 25 கிலோமீட்டருக்கு மேல். லேப் முடிவில் வரும் டோட்டிங்கர் ஹோஹே நேர்சாலையில் டயர் நன்றாக ஆறிவிடும். அங்கே எண்ணைப் படித்துவிட்டு அழுத்தம் குறைவு என்று ஏற்றினால் அடுத்த லேப்பின் வளைவுகளில் மாட்டிக்கொள்வீர்கள். காட்டுக்குள் வளைவுகள் தொடர்ச்சியாக வரும் பகுதியில் என்ன காட்டுகிறது என்பதைப் பாருங்கள்.

அழுத்தமெல்லாம் சரி, ஆனாலும் ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் பின்பக்கம் பிடுங்கிக்கொண்டு சுற்றுகிறது என்றால் எந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் அணி ஓட்டிய போர்ஷே 992 கப் கார் இந்தக் கேமில் இருக்கிறது. ஆசையோடு அதை எடுப்பவர்கள் நம்மில் நிறைய. அதில் சக்கரம் வழுக்காமல் காக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது. எஞ்சினோ பின்னச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. ஜிடி3 காரில் பழகிய காலோடு மிதித்தால் அங்கே கார் சுழலத்தான் செய்யும். அது பிழையே இல்லை, அந்தக் காரின் குணம். ஸ்டியரிங்கை நேராக்கிக்கொண்டே வலது காலை மெல்ல இறக்கப் பழகினால் அதைப்போல இன்பம் தரும் கார் வேறில்லை.

பிட் ஸ்டாப் வரை அருமை, வெளியே வந்ததும் கார் கெட்டுவிட்டது

செட்டப்பின் டயர் பக்கத்தில் நீங்கள் வைத்த அழுத்தம் பந்தயம் தொடங்கும் டயர்களுக்கு மட்டும். பிட்டில் (பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற நிற்கும் இடத்தில்) மாட்டப்படும் டயர்களின் அழுத்தம், எரிபொருளும் வியூகமும் உள்ள பக்கத்தில் தனியாக இருக்கிறது. அதைத் திருத்தாமல் விட்டால் புது டயர் பழைய அழுத்தத்தோடு வரும். செட்டப்பைச் சேமிக்கும் முன் இரண்டு பக்கத்தையும் பாருங்கள். பந்தயத்தின் நடுவில் வெயில் மாறினால் பிட்டுக்கு வரும் முன் ஓட்டிக்கொண்டே திரையின் பட்டியலில் மாற்றலாம். மழை டயருக்கு 30ஐ ஒட்டி வையுங்கள். தடம் காயத் தொடங்கியபின் அதில் தாக்குப்பிடிக்க நினைத்தால் சில லேப்பில் வெந்துவிடும்.

படம் விக்கி விக்கி ஓடுகிறது

ஒரு சோதனையில் பாதை தெரிந்துவிடும். அதே தடம், அதே நேரம், வேறு கார் இல்லாமல் தனியே ஓட்டுங்கள். தனியாகவும் விக்கினால் கிராபிக்ஸ் கார்டு திணறுகிறது. நிழல், எஃபெக்ட்ஸ், ரெசல்யூஷன் ஸ்கேல் இவற்றைக் குறையுங்கள். தனியே வழுவழுவென்று ஓடி, முப்பது கார்களோடு தொடக்கக் கோட்டில் நிற்கும்போது மட்டும் விக்கினால் குற்றவாளி பிராசசர். அங்கே ரெசல்யூஷனைக் குறைத்துப் பிரயோசனமே இல்லை. ‘விசிபிள் ஆப்பனன்ட்ஸ்’ எண்ணிக்கையைக் குறையுங்கள், கண்ணாடியின் தரத்தையும் தூரத்தையும் இறக்குங்கள். முன்னாலும் பின்னாலும் பத்துப் பதினைந்து கார் தெரிந்தால் பந்தயத்துக்குப் போதும்.

சீரான இடைவெளியில் ஒரு குலுக்கல் வருகிறதா? ரீப்ளே தானாகச் சேமிப்பதை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

மாற்றியது எதுவும் நிலைக்கவில்லை

சேமித்த செட்டப் மறுநாள் காணோம், வீடியோ அமைப்பு தன்னால் பழையதற்குத் திரும்புகிறது. இரண்டு சந்தேக நபர்கள். ஒன்று ஒன்டிரைவ்: விண்டோஸ் உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஓசையில்லாமல் அங்கே நகர்த்தியிருக்கும், இரண்டு டாக்குமென்ட்ஸ் உருவாகி, நீங்கள் ஒன்றில் தேட, கேம் இன்னொன்றில் எழுதும். மற்றொன்று விண்டோஸ் பாதுகாப்பில் ரான்சம்வேர் பகுதியில் உள்ள ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’. அது இயங்கினால் டாக்குமென்ட்ஸில் எழுத ஏசிசிக்கு அனுமதி கிடைக்காது. அனுமதிப் பட்டியலில் கேமின் இயக்கக் கோப்பைச் சேருங்கள்.

கார் நகரவே இல்லை

தானியங்கி ஸ்டார்ட் உதவியை அணைத்திருந்தால் முதலில் இக்னிஷன், பிறகு ஸ்டார்ட்டர். இரண்டுக்கும் பட்டன் வைத்திருக்க வேண்டும். கார் ஊர்கிறது, ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டவில்லை என்றால் பிட் பாதையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிட் லிமிட்டர் இன்னும் இயங்குகிறது.

ஆன்லைனில் சர்வர் தெரியவில்லை, அல்லது கார்கள் குதிக்கின்றன

பட்டியலில் ஃபில்டர்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பாருங்கள். தெரிகிறது, நுழைய முடியவில்லை என்றால் அந்த சர்வர் கேட்கும் எஸ்ஏ மதிப்பீடும் (பாதுகாப்பாக ஓட்டுவதற்கான மதிப்பெண்) ட்ராக் மெடல்களும் உங்களிடம் உண்டா, அந்தத் தடத்தின் டிஎல்சி (தனியே வாங்கும் கூடுதல் பகுதி) வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மெடல்கள் மூன்று, அந்தத் தடத்தில் ஒழுங்காக லேப் ஓட்டினாலே கிடைக்கும்.

கார் குதிப்பதில் ஒரு நுணுக்கம். ஒரே ஒரு கார் மட்டும் குதித்தால் அது அந்த ஓட்டுநரின் இணைப்பு. விலகி வழிவிடுங்கள், சண்டை வேண்டாம். எல்லாக் கார்களும் சேர்ந்து குதித்தால் உங்கள் இணைப்பு. வைஃபையை விட்டு வயர் போடுங்கள். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஐரோப்பிய சர்வருக்குப் போனால் பிங் (தகவல் போய்வர ஆகும் நேரம்) அதிகமாகத்தான் இருக்கும். அது ஒரே அளவில் நின்றால் ஓட்டிவிடலாம். ஏறி இறங்கினால்தான் அடுத்தவர் திரையில் நீங்கள் அவர் மேல் பாய்ந்தது போலத் தெரியும். வீட்டில் வேறு யாராவது படம் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா, கணினி பின்னணியில் எதையாவது இறக்குகிறதா என்று பாருங்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால்

உதவி கேட்கும்போது “கேம் ஓடல” என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. மெயின் மெனுவில் தெரியும் வெர்ஷன் எண், வீலின் மாடல், கிராபிக்ஸ் கார்டு, கோளாறு எந்தக் காரில் எந்தத் தடத்தில் எப்போது வருகிறது, கடைசியாக எதை மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள். ஆப்டேட்டாவின் ஏசி2 ஃபோல்டருக்குள் ‘சேவ்டு’, அதற்குள் ‘லாக்ஸ்’. கேம் கவிழ்ந்த நேரத்தின் லாக் கோப்பை இணையுங்கள். கேமை மறுபடி திறப்பதற்கு முன்பே அதை நகலெடுத்துவிடுங்கள், புதிய ஓட்டம் புதிய லாக்கை எழுதத் தொடங்கிவிடும்.